எலி வேலைக்கு டெரியர்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியும் மேலே உள்ள ஊர்க்காரர் எழுதியது)

ஓமலூர்

ஜாக் ரஸ்ஸல் என்ற சின்ன டெரியர் நாயை வாங்கினால் வங்குக்குள் (எலி வளைக்குள்) இறங்கி எலியைக் கவ்விக்கொண்டு வரும் என்று நம்பித்தான் பலர் குட்டி தேடுகிறார்கள். இறங்காதுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 5, 6 கிலோ, முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. நாய் நுழைய வேண்டுமானால் குறைந்தது 13 செ.மீ. அகல ஓட்டை வேண்டும். பெருச்சாளி வங்கின் வாய் பெரும்பாலும் உள்ளங்கை அகலம்தான்.

டெரியர் மண்ணுக்குள் போகும் நாய் என்பது பொய்யில்லை. பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் பாதிரியார் 1819இல் 'டிரம்ப்' என்ற பெட்டையை வாங்கி இந்த வம்சத்தைத் தொடங்கியது நரிக்காக. வளைக்குள் போய், நரிக்கு எதிரே நின்று, விடாமல் குரைத்து வெளியே கிளப்ப வேண்டும். கடித்துக் கொல்வது அதன் வேலை இல்லை.

நமக்கு வேண்டியது இதே நாயிடம் இருக்கும் வேறு மூன்று குணம். எலி எந்த ஓட்டையில் இருக்கிறது என்று மூக்கால் சொல்லணும். அது வெளியே வரும்வரை அசையாமல் காத்திருக்கணும். வந்ததும் ஒரே கடியில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகணும். பிடித்த எலியை வாயிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிற நாய் வேலைக்கு ஆகாது, அதற்குள் நாலு எலி தப்பிவிடும்.

குட்டி வாங்கும்போது தாயைப் பாருங்க. முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் மார்பைச் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட வேண்டும். மார்பு அகன்ற நாய் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அயோத்தியாப்பட்டணம், ஜவ்வரிசி ஆலை

திப்பி (மரவள்ளிச் சக்கை) மூட்டை அடுக்கிய குடோன்தான் டெரியருக்கு ஏற்ற களம். ஆனால் நாயைக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. முக்கால்வாசி வேலை ஆட்களுடையது.

முதல் நாளே சுவரை ஒட்டிய மூட்டைகளை இரண்டடி தள்ளிப் போடணும். சாக்கடைத் துவாரம், ஷட்டர் ஓரம் எல்லாவற்றுக்கும் அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை அடிக்கணும். கதவுக்குக் கீழே ஓரடி உயரத்துக்குப் பலகை. இதில் ஒரு ஓட்டை விட்டுப்போனாலும் பாதி எலி அதன் வழியாகவே போய்விடும். நாய் சரியில்லை என்று பழி வேறு.

மறுநாள் காலை ஆறு மணிக்குள் தொடங்கணும். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணிக்கு மேல் தகரக் கொட்டகைக்குள் நாயை வைத்திருக்கக் கூடாது. நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கடுஞ்சிவப்பாக மாறினால் உடனே நிறுத்திவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

மூட்டையை ஒரு கோடியிலிருந்து வரிசை வரிசையாக எடுக்கணும். நடுவில் கைவைத்தால் எலி இரண்டு பக்கமும் சிதறும். ஒரே திசையில் எடுத்துக்கொண்டு போனால் அத்தனையும் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசி வரிசைக்கு அடியில் போய்ச் சேரும். பொறுமை வேண்டியது அங்கேதான். கடைசிக்கு முந்தைய வரிசை நகர்ந்ததும் நல்ல நாயின் உடம்பே மாறும். ஒரு முன்னங்கால் தூக்கியபடி நிற்கும், காது முன்னால் மடியும், தலை ஒரு பக்கம் சாயும், வால் நுனி மட்டும் துடிக்கும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அந்த நேரத்தில் யாரும் "சூ, பிடி" என்று கத்தக் கூடாது. மூட்டையைத் தூக்கியவர் ஓரமாக ஒதுங்கி நின்றால் போதும்.

கையில் தடி வைத்துக்கொண்டு எலியை அடிக்கப் போகிறவரை வெளியே அனுப்பிவிடுங்க. இந்த வேலையில் நாய்க்கு ஏற்படும் மோசமான காயம் எலிக்கடியால் வருவதில்லை, ஆள் வீசிய தடியால் வருகிறது. முன்னங்கால் எலும்பு விரலளவுதான் இருக்கும்.

ஒரு அறைக்கு இரண்டு நாய் போதும், ஆண் ஒன்று, பெட்டை ஒன்று. மூன்றாவது வந்தால் செத்த எலிக்குச் சண்டை வரும். முடிந்ததும் செத்தவற்றைக் கையுறை போட்டு எடுத்து, இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். எலி சினையாக இருப்பது மூன்று வாரம்தான். அதனால் 20 நாள் கழித்து இன்னொரு முறை கட்டாயம்.

ஆத்தூர்

அண்ணா, முட்டைக் கோழிப் பண்ணையில் இதே மாதிரி செய்யலாமா? ராத்திரியில் தீவன அறை முழுக்க எலி.

அயோத்தியாப்பட்டணம், ஜவ்வரிசி ஆலை

தீவன அறையிலும் வெளிக்கரையிலும் மட்டும் செய்யுங்க தம்பி. ஷெட்டுக்குள் நாயை விடாதீங்க. கோழி மிரண்டு முட்டை குறையும், நோய்த் தொற்றுக்கும் வழியாகும். முதலில் நாயை ஐந்து மீட்டர் கயிற்றில் கட்டிக் கோழி பக்கமாக நடத்திப் பழக்குங்க. கோழியைப் பார்த்து உறுமினால் அப்போதே அதட்டி நிறுத்தணும். ஒரு கோழியின் ருசி கண்டுவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

வயசும் முக்கியம். பால் பல் விழுந்து நிலைப்பல் வருவதற்கு ஆறு, ஏழு மாதம் ஆகும். பத்து மாதத்துக்கு முன்னால் உயிருள்ள பெருச்சாளி முன்னால் விடக் கூடாது. உதட்டில் ஒருமுறை பலமாகக் கடிபட்ட குட்டி ஒன்று ஒதுங்கிப் போகும், இல்லை ஆத்திரத்தில் நிதானம் இல்லாத நாயாகும். இரண்டும் வீண். செத்த எலியைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பழக்கி, அப்புறம் வேலை தெரிந்த நாயோடு சேர்த்து விடுங்க.

வாழப்பாடி

வயல் வேலை பற்றி. வரப்பில் பெருச்சாளி வங்கின் அடையாளம் தெரியாமல் வெட்டுகிறவர்கள் அதிகம். வாய் திறந்து, ஓரத்தில் சிலந்தி வலை இருந்தால் அது காலி வங்கு. புது மண் குவிந்து, வாய் லேசாக அடைத்திருந்தால் உள்ளே ஆள் உண்டு, உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு எல்லா வாயையும் மோந்து பார்க்க விடணும். எங்கே நின்று மண் பறிக்கிறதோ அந்த இடத்தில், நாயைத் தள்ளிக் கட்டிப்போட்டுவிட்டு, மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டணும். மழை பெய்து இரண்டு நாளுக்குள் வரப்பை வெட்ட வேண்டாம், மண் சரியும்.

எலி வங்கில் பாம்பு குடியிருக்கும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், அவசரத்தில் மறப்பார்கள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. பக்கத்தில் பாம்புச் சட்டை கிடந்தாலோ, நாய் மண் பறிக்காமல் பின்வாங்கிக் குரைத்தாலோ அந்த வங்கை விட்டுவிடுங்க. டெரியரின் துணிச்சல்தான் இங்கே அதற்கு எமன், பாம்பு என்று ஒதுங்கத் தெரியாது. கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு ஊசி இருக்கிற கால்நடை மருத்துவரிடம் போகணும். எங்கே ஊசி இருக்கிறது என்று முன்னாடியே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

ஏற்காடு, காப்பித் தோட்டம்

மலையில் பழக்கம் வேறு மாதிரி. ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் தொல்லை குறைவு, உண்ணித் தொல்லை அதிகம். காப்பி உலர்த்தும் களம், பழைய லயன் வீடு (தொழிலாளர் வரிசை வீடு), மிளகு மூட்டை அறை, இவற்றோடு டெரியரின் எல்லை முடிந்துவிட வேண்டும். தோட்டத்து ஓரப் பாறைக்குள் முள்ளம்பன்றி இருக்கும். வாய் அகலமான அந்தக் குகைக்குள் டெரியர் தாராளமாக நுழையும், திரும்பி வரும்போது முகமும் மார்பும் முள்ளாக இருக்கும். வெளியே தெரிகிற முள்ளைப் பிடுங்கிவிட்டோம் என்று விட்டுவிடாதீங்க. உள்ளே ஒடிந்து தங்கிய துண்டு சீழ் வைக்கும். மயக்கம் கொடுத்துத்தான் முழுதும் தேட முடியும்.

இன்னொன்று, இது வெறும் எச்சரிக்கை இல்லை. முள்ளம்பன்றி, முயல், கீரி, மரநாய், உடும்பு, நரி எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. நாயை ஏவித் துரத்துவதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். காப்புக்காட்டுக்குள் நாயோடு கால் வைக்காதீங்க. கூண்டில் பிடித்த எலியைத் திறந்துவிட்டு நாயை ஏவி வீடியோ எடுப்பதையும் விட்டுவிடுங்க. வேடிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றின் மேல் ஏவுவது 1960 பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எலியானாலும் சாவு நொடியில் நடக்கணும். நல்ல டெரியர் முதுகில் கவ்வி ஒரு உதறலில் முடித்துவிடும்.

சேலம், அஸ்தம்பட்டி

எலி மருந்து வைத்த இடத்தில் நாயை விடாதீங்க. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். புரோமடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டியைத் தின்ற எலியை நாய் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், மூச்சு வாங்கும். வைட்டமின் கே1 மருந்து மூன்று, நான்கு வாரம் விடாமல் தரணும். நாய் தெளிந்துவிட்டது என்று ஒரே வாரத்தில் நிறுத்தினால் மறுபடி ரத்தம் கசியும். ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்து அப்படி இல்லை, மணிக்கணக்கில் முடித்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. நாய் வாந்தி எடுத்து அதில் பூண்டு வாடை அடித்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு நீங்களும் தள்ளி நில்லுங்க, அந்த வாயு ஆளுக்கும் விஷம்.

வேலைக்குப் போகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி, வெறிநோய் தடுப்பூசி இரண்டும் வருடம் தவறாமல் போட்டிருக்கணும். எலிக்காய்ச்சல் ஊசி முதல் முறை என்றால் இரண்டு தவணை, நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம். வீட்டுக்கு வந்ததும் உதடு, மூக்கு, கண் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்க. கண்ணில் மாவு படிந்திருந்தால் சலைன் ஊற்றிக் கழுவணும். எலி கடித்திருந்தால் உதட்டில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி மட்டும் தெரியும், இரண்டாம் நாள் எலுமிச்சை அளவு வீங்கும். அந்தப் புள்ளியை அன்றைக்கே போவிடோன் அயோடினால் துடைத்து, மறுநாள் காலையிலும் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்டணும்.