ட்ரூயிட் மூலிகை வைத்தியம்: நம்பகமான மூலங்கள் வேண்டும், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பண்டைய பிரிட்டனிலும் கௌலிலும் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) இருந்த ட்ரூயிட்களின் (கெல்ட் மக்களின் பூசாரிகள்) மூலிகை வைத்தியத்தைப் பாதுகாப்பாகப் படிக்க வழி தேடுகிறோம்.

ட்ரூயிட்கள் தங்கள் போதனைகளை எழுதி வைக்கவில்லை. எல்லாம் மனப்பாடம்தான், சிலர் 20 வருடம் படித்ததாக ஜூலியஸ் சீசர் சொல்கிறார். அதனால் ‘அசல் ட்ரூயிட் கஷாயம், இரண்டு ஸ்பூன்’ என்று வரும் எதையும் நம்பிக் குடிக்காதீர்கள். 1-ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஓக் மரத்து மிசில்டோவைப் (மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடி) பிறையின் 6-ஆம் நாளில் பொன் அரிவாளால் அறுத்து வெள்ளைத் துணியில் ஏந்துவதை விவரிக்கிறார். சடங்கு விரிவாக இருக்கிறது, மருந்தளவு இல்லை. எல்லா விஷத்துக்கும் முறிவு என்று அவர் குறித்த அந்தச் செடியே வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.

பெரிய ஆபத்து, இலை மாறிப்போவது. பூக்காத பருவத்தில் விஷச் செடியான ஃபாக்ஸ்குளோவும், மூலிகையான காம்ஃப்ரேயும் ஒன்றுபோலத் தெரியும். ஃபாக்ஸ்குளோவ் இலை ஓரத்தில் சின்னப் பற்கள், தொட்டால் மெத்தென்ற ரோமம். காம்ஃப்ரே ஓரம் வழவழப்பு, ரோமம் சொரசொரப்பு. காம்ஃப்ரே என்று ஃபாக்ஸ்குளோவைச் சாப்பிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். சரியான காம்ஃப்ரேயைக்கூடக் குடிக்கக் கூடாது, ஈரலைக் கெடுக்கும். மெடோஸ்வீட் என்ற இன்னொரு மூலிகையில் ஆஸ்பிரின் வகைச் சாலிசிலேட்டுகள் உண்டு. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்களுக்கு ஆகாது.

தேவைப்படுபவை: பிளினியின் ‘இயற்கை வரலாறு’ நூலின் 16, 24-ஆம் புத்தகங்களுக்கு லத்தீன் மூலத்தோடு கூடிய மொழிபெயர்ப்பு, வேல்ஸ் நாட்டு மித்வை வைத்தியர்களின் இடைக்காலக் குறிப்புகளுக்கு நல்ல பதிப்பு (இது ட்ரூயிட் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது), பிளினி சொல்லும் ‘செலாகோ’ எந்தச் செடி என்று ஆராய்ந்த கட்டுரை. தெரிந்தவர்கள் பதிப்பு வருடத்தோடு சொல்லுங்கள்.