தவிடு கூட்டியதும் பிராய்லர் எச்சம் இளகிவிட்டது, என்ன சேர்க்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பல்லடம் பக்கம் 1,500 பிராய்லர் சொந்தமாக வளர்க்கிறேன், ஒப்பந்தப் பண்ணை இல்லை. மக்காச்சோள விலைக்குப் பயந்து, 22ஆம் நாளிலிருந்து எண்ணெய் எடுத்த தவிடு 10 சதவீதம், சூரியகாந்திப் புண்ணாக்கு 6 சதவீதம் என்று நானே கலந்தேன். நாலே நாளில் எச்சம் பிசுபிசுவென்று இளகி, கீழே போட்ட தேங்காய் நார்க்கழிவு முழுக்க ஈரம்.

டாக்டர் ஒரு கோழியை அறுத்துப் பார்த்து, ரத்தக்கழிச்சல் இல்லை என்றார். தவிட்டு நார் குடலில் கொழகொழப்பைக் கூட்டுகிறதாம். சைலனேஸ் நொதி அந்த நாரை உடைக்குமாம். கடைக்காரரோ புரோபயாடிக்கையும் (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்) சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார்!

என்னுடையது தூள் தீவனம், குச்சித் தீவனம் போல் சூடாக்குவதில்லை; அதனால் சூட்டில் நொதி கெடும் பயம் இல்லை. நொதி மட்டும் போதுமா? சேர்த்துப் பார்த்தவர்களுக்கு எத்தனை நாளில் எச்சம் கெட்டியானது? அப்புறம், உமி கொஞ்சம் கலந்தால் அரைவைப்பை (கோழிக்குள் தீவனத்தை அரைக்கும் தசைப்பை) பலமாகும் என்கிறார்களே, யாராவது செய்து பார்த்தீர்களா?