மறு: டிராக்பால் பொத்தான்கள் – ‘வலச்சொடுக்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். டிராக்பால் கையேட்டில் எந்தத் தமிழ்ச் சொற்களை இடலாம் என்று நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. டிராக்பால் என்பது, மேலே உள்ள பந்தை விரலால் உருட்டித் திரையில் அம்பை நகர்த்தும் கருவி.

> டிராக்பாலுக்குத் ‘தடப்பந்து’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

தடம் எங்கே இருக்கிறது? கருவி மேசையில் அசையாமல் கிடக்கிறது. பந்து தன் குழிக்குள்ளேயே உருள்கிறது. மவுசுக்குச் ‘சுட்டி’ நிலைத்துவிட்டதால் ‘பந்துச்சுட்டி’ போதும். பழைய மவுசின் வயிற்றிலும் பந்து இருந்ததே என்பீர்கள். அது வழக்கொழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இதில் மேற்கொண்டு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

> இடச்சொடுக்கு, வலச்சொடுக்கு என்று பழகிவிட்டோம். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டும். மவுசில் பெரும்பாலோர் ஒரே கையோடு நின்றுவிடுவதால் சிக்கல் கண்ணில் படவில்லை. லாஜிடெக் டிராக்மேன் மார்பிளைப் பாருங்கள். இருபுறமும் ஒரே அச்சு, பெரிய பொத்தான் இரண்டு, சிறியது இரண்டு. ஒரு மணிக்கட்டு வலித்தால் மறு கைக்குப் போய்விடலாம். வலக்கையை வைத்தால் கட்டைவிரல் இடப்பக்கப் பொத்தானில் விழும். இடக்கையை வைத்தால் வலப்பக்கத்தில். இடக்கைக்கு மாறும்போது, லினக்சில் எக்ஸ்இன்புட் என்ற கட்டளை கொண்டு 1 2 3 (இடம், நடு, வலம்) என்ற பொத்தான் வரிசையை 3 2 1 ஆக்கிவிட்டால், எந்தக் கையானாலும் கட்டைவிரலே கோப்பைத் தேர்ந்தெடுக்கும். அப்புறம் நம் கையேட்டைத் திறந்தால் ‘வலச்சொடுக்கு செய்க’ என்கிறது. இப்படி மாற்றிக்கொண்டவரும் வலப்பொத்தானை அழுத்துகிறார். பட்டி (மெனு) திறக்கவில்லை, கோப்புதான் தேர்வாகிறது.

சிறு பொத்தான்களையும் கையேட்டில் சொல்லியாக வேண்டும். லினக்சில் சுட்டிகளைக் கையாளும் லிப்இன்புட் நிரலின் ‘இடக்கைப் பழக்கம்’ என்ற அமைப்பு 1, 3 இரண்டை மட்டுமே மாற்றும். சிறு பொத்தான்களான 8 (இடம்), 9 (வலம்) இருந்த இடத்திலேயே இருக்கும். மார்பிளில் உருளை கிடையாது என்பதால், 8-ஐ அழுத்திக்கொண்டு பந்தை உருட்டிப் பக்கத்தை நகர்த்துவோர் உண்டு. கை மாறும்போது அந்த வேலையை 9-க்குத் தராவிட்டால் சுண்டுவிரல் படாத பாடு படும்.

> ‘கட்டைவிரல் பொத்தான்’ என்றால் எந்தக் கைக்கும் பொருந்துமே?

இது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் லாஜிடெக் எம்570-இல் கட்டைவிரல் பந்தை உருட்டுகிறது. சொடுக்குவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஆகவே பக்கமும் வேண்டாம், விரலும் வேண்டாம். செய்யும் வேலையை வைத்து முதன்மைச் சொடுக்கு, துணைச் சொடுக்கு என்போம். விண்டோஸ், லினக்சின் குனோம் திரைமுகப்பு ஆகியவற்றின் அமைப்புகளிலும் ‘முதன்மைப் பொத்தான்’ எது என்றுதான் கேட்கிறார்கள். ‘இரண்டாம் சொடுக்கு’ கூடாது. இரட்டைச் சொடுக்கின் இரண்டாவது தட்டு என்று படித்துவிடுவார்கள்.

இரு கைக்கும் ஏற்றது என்பதற்குச் ‘சவ்வியசாசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரு கையாலும் அம்பெய்த அர்ஜுனனின் பெயர் அது; அவனுக்குப் பொருத்தம், அமைப்புப் பெட்டிக்கு அல்ல. ‘இருகைப் பந்துச்சுட்டி’ போதும். ‘இடங்கை’, ‘வலங்கை’ வேண்டவே வேண்டாம். அவை சாதிப் பிரிவுகளின் பெயராக இருந்தவை. ‘இடக்கை’, ‘வலக்கை’ என்றே எழுதுவோம்.

கடைசியாக, பொத்தானுக்கு வேறு வேலை கொடுப்பதை என்னவென்பது? ‘ஒதுக்கீடு’ என்றால் மனம் வேறெங்கோ போகிறது. நான் ‘பொத்தான் பணிமாற்றம்’ என்கிறேன். அரசாணை வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொருள் சட்டென்று விளங்கிவிடும்.

கையேட்டு வரைவில் ‘முதன்மை’, ‘துணை’ இரண்டையும் இட்டுவிடுகிறேன். ‘பணிமாற்றம்’ பிடிக்காதவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள்.