நீலச் சட்டை ஆன்ட்டியுடன் உங்கள் அனுபவம்

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியை:

மலேசியாவின் பினாங்கில், சூ ச்சி என்ற பௌத்தத் தொண்டு அமைப்பின் எங்கள் வட்டாரக் குழுவை நெடுங்காலம் நடத்திவந்த ஆன்ட்டி சென்ற மாதம் காலமாகிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயர் தேவையும் இல்லை. நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, ஒரு முடிகூடப் பிரியாத கொண்டை என்றாலே இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு யாரென்று தெரியும். அவரிடம் பழகியவர்கள் எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய மழை பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வீட்டில் கணுக்கால் அளவுக்குச் சேறு. ஆன்ட்டி பத்துப் பேரோடு வந்தார். மற்றவர்கள் சேற்றை வாரிக் கொட்டினார்கள். இவர் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, கதவு ரப்பரின் மடிப்புக்குள் இருந்த மண்ணைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பூஜை அலமாரியை நெருங்கியதும் கையை எடுத்துவிட்டார். சாமி படங்களைத் தொடலாமா என்று மலாயில் கேட்டு, நான் தலையாட்டிய பிறகு, கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு வந்துதான் முருகனை எடுத்தார். உதவித்தொகை உறையை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பை வளைத்து வணங்கி, நன்றி சொன்னார். வாங்கிய என் கணவருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அமைப்பில் எல்லாரும் அப்படித்தான் கொடுப்பார்களாம்: கொடுக்க வாய்ப்புத் தந்தவருக்குக் கொடுப்பவர் நன்றி சொல்ல வேண்டும்.

புக்கிட் மெர்த்தாஜாம், லாரி ஓட்டுநர்:

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். தனியாரிடம் போய்க் கட்டுப்படியாகவில்லை. சூ ச்சி நிலையத்தில் வசதியற்றவர்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டோம்.

விசாரிக்க ஆன்ட்டிதான் வீட்டுக்கு வந்தார். இனிக்க இனிக்கப் பேசுவார் என்று எதிர்பார்த்தால், மின்கட்டண பில்லைக் கேட்டார், என் சம்பளச் சீட்டைக் கேட்டார், அடுப்படிக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து பார்த்தார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பிறர் போட்ட காசு, தம்பி. பார்க்காமல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை” என்றார் என்னிடம். மலாயில்தான் பேசுவார்; தம்பி, அக்கா மட்டும் தமிழில் வரும்.

இடம் கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு மூங்கில் உண்டியலைக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலருகே வைத்தார். 1966இல் தைவானின் ஹுவாலியனில் செங் யென் என்ற பிக்குணி முப்பது இல்லத்தரசிகளிடம் மூங்கில் குழாயைக் கொடுத்து, காய்கறி வாங்கும் பணத்தில் தினமும் ஐம்பது காசு போடச் சொன்ன கதையை அம்மாவுக்குச் சொன்னார். உதவி வாங்குகிற வீட்டிலேயே உண்டியலா என்று அப்பா கொதித்துப் போனார். இதற்குப் பின்னால் மதமாற்றம் இருக்கிறது என்றும் அவருக்குச் சந்தேகம். அப்பா கண்மூடும்வரை அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஆன்ட்டி எங்களிடம் ஒருநாளும் சமயம் பேசியதில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

அம்மா தினமும் பத்துக் காசு போட்டார். மறதியாகக்கூட விட்டதில்லை. உண்டியல் நிறைந்ததும் மடியில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். ஆன்ட்டி மேசைமேல் கொட்டி, அம்மாவின் கண் எதிரிலேயே எண்ணி, அவர் பெயரில் ரசீது எழுதிக் கொடுத்தார். அதுவரை அந்தக் கட்டிடத்தில் அம்மா நோயாளி. அன்றைக்கு நன்கொடையாளர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாற்காலியை அப்படித் தள்ளு, இப்படித் தள்ளு என்று அதிகாரம் செய்தார். பழைய அம்மாவைப் பார்த்து எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது. அந்த ரசீது பீரோவில் என் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது.

ஜார்ஜ்டவுன், கல்லூரி மாணவி:

ஆன்ட்டியின் காரில் ஏறினால் பின் இருக்கையிலும் பெல்ட் போட்டாக வேண்டும். போடாவிட்டால் வண்டி நகராது. அவர்கள் பத்து ஒழுக்கங்கள் ஏற்றுக்கொண்டவர்கள். அதில் ஐந்து பௌத்தர்களின் அடிப்படை விதிகளான பஞ்ச சீலம், நாம் அறிந்ததுதான். மற்ற ஐந்தில் சூதாட்டம் கூடாது, அரசியலில் இறங்கக் கூடாது என்பதோடு, சாலை விதியை மதிக்க வேண்டும் என்பதும் உண்டு! நம் ஊர்ச் சாலைகளைப் பார்க்கும்போது எல்லா மதத்தாரும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பாக்கு மெல்லவும் தடை. என் பாட்டிக்கோ வெற்றிலை பாக்கு இல்லாமல் பொழுது விடியாது. பயந்துபோய்ப் பெட்டியை முந்தானைக்குள் மறைத்தார். ஆன்ட்டி பார்த்துவிட்டார். “விதி எனக்குத்தான் அக்கா, உங்களுக்கு இல்லை” என்று சிரித்தார்.

தண்ணீர்மலைப் பக்கம், தண்ணீர்ப் பந்தல் குழு:

அன்பே உருவானவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்தில் எங்கள் பந்தலுக்குப் பின்னால் பாட்டில்கள் மலைபோல் குவியும். ரத ஊர்வலம் முடிந்த அதிகாலையில், மறுசுழற்சிக்கு அவற்றைச் சேகரிக்க ஆன்ட்டி சாக்கோடு வந்து நிற்பார். மிச்சமிருந்த ரோஸ் சர்பத்தோடு நான் பாட்டிலைச் சாக்கில் போட, அதை வெளியே எடுத்து என் கையிலேயே கொடுத்தார். “எறும்பு மொய்த்த பாட்டிலை அங்கே உட்கார்ந்து கழுவுபவருக்கு எழுபது வயது. நீ ஊற்றிவிட்டுப் போட்டால் என்ன?” இத்தனை பேர் முன்னால் சொன்னாரே என்று எனக்குக் கோபம்தான். இருந்தும் அடுத்த வருடம் பந்தலில் இரண்டு கூடையும் ஒரு வாளியும் வைத்தோம்: மூடிக்கு ஒரு கூடை, பாட்டிலுக்கு ஒரு கூடை, மிச்சத்தை ஊற்ற வாளி.

ஆசிரியைக்கு ஒரு செய்தி. வெள்ளத்தின்போது உங்களுக்குச் சாம்பல் நிறப் போர்வை கொடுத்திருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். பாட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி நூலாக்கி நெய்தது அது.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆசிரியை:

கொடுத்தார்கள். என் பேரன் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறான், சர்பத் பாட்டில் என்று சொன்னால் நம்ப மாட்டான்.

ஆன்ட்டியின் குழுவில் இப்போது வயதானவர்கள்தான் மீந்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குச் சாக்குத் தூக்க இளையவர்கள் வேண்டும் என்கிறார்கள். கையுறை அவர்களே தருவார்கள். அதிகாலை வேலை என்பதால் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். லாரி வைத்திருக்கும் தம்பி, உங்களை நான் தனியாகவே கேட்கப் போகிறேன்.