பூநாரைக்குப் பின்பக்கம் மடங்குவது முட்டியா?

தாராவியிலிருந்து:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் மும்பையின் சிவ்ரி சேற்றுநிலத்துக்குப் பூநாரை பார்க்கக் கூட்டிப் போனேன். "டீச்சர், இதுக்கு மட்டும் ஏன் முட்டி பின்னால மடங்குது?" என்றாள் ஒருத்தி. அது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது என்றேன். குதிரை, ஆட்டின் பின்னங்காலிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ‘ஹாக்’ என்கிறார்கள். தமிழில்? வெள்ளிக்கிழமை பாடத்தாள் அச்சுக்குப் போகிறது.

மாட்டுங்காவிலிருந்து:
குதிமூட்டு. குதிரையின் பின்னங்காலில் பின்புறம் கூராக நீட்டிக்கொண்டிருப்பது குதிகால் எலும்புதான். கெண்டைத் தசையின் நாண் அதை நெம்புகோல் போல இழுப்பதால்தான் குதிரை பாய்கிறது. குதி, குதித்தல், குதிரை எல்லாம் ஒரே வேர் என்று சிலர் சொல்வதுண்டு.

செம்பூரிலிருந்து:
ஐயா, தெலுங்கில் குர்ரமு. அதில் குதி எங்கே? பிள்ளைகள் மேல்வகுப்பில் ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறார்கள். ‘ஹாக்’ என்றே எழுதுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
கன்னடத்தில் குதுரெ இருக்கிறதே! குர்ரமு தேய்ந்த வடிவமாக இருக்கலாம். ‘ஹாக்’ என்று எழுதினால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? குதிமூட்டு என்றால் கை தானாகக் குதிகாலுக்குப் போகும்.

முலுண்டிலிருந்து:
குதிரையை விடுங்கள். கணுக்கால் என்ற சொல் இருக்க, புதுச்சொல் எதற்கு? நாம் பாதம் முழுவதும் ஊன்றுகிறோம், நாய் விரல்களில் நிற்கிறது, குதிரை ஒற்றை நடுவிரலின் நுனியில். மூட்டு மேலே ஏறியதே தவிர வேறு மூட்டு ஆகிவிடவில்லை. டீச்சர் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலே அதுதான். பெயரை மாற்றினால் அந்தப் பதில் அழிந்துவிடும். பூநாரைக்குத் தனிக் குதிகால் எலும்பும் கிடையாது; பறவைகளில் கணுக்கால் எலும்புகள் சில கணைக்கால் எலும்போடும், மீதி பாத எலும்போடும் ஒட்டிப்போனவை. அங்கே குதிமூட்டு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. பாகிஸ்தானில் கிடைத்த, பின்னங்கால் இருந்த ஆதித் திமிங்கிலங்களைப் பற்றி 2001இல் ஆய்வுகள் வெளியாயின. அவற்றின் கணுக்காலில் ஆடு மாடுகளுக்கே உரிய இரட்டைக் கப்பி வடிவ எலும்பு இருந்தது. திமிங்கிலம் அந்தக் குலத்தில் வந்தது என்பதற்கு அது பெரிய சான்று. ஆட்டுக்கு ஒரு பெயர், திமிங்கிலத்துக்கு ஒரு பெயர் என்று வைத்தால் இந்த உறவைப் பிள்ளைகள் எப்படிப் பிடிப்பார்கள்?

தாராவியிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. தனியஞ்சலில் வந்தவற்றையும் சேர்த்தால் குதிமூட்டுக்கு ஐந்து பேர், கணுக்காலுக்கு இருவர். நேரமில்லை, குதிமூட்டு என்றே போடுகிறேன். அருகிலேயே மனிதக் காலை வரைந்து, இரண்டு மூட்டுக்கும் ஒரே நிறம் தீட்டிவிடுகிறேன்.

முலுண்டிலிருந்து:
நிறம் நல்ல யோசனை அம்மா. ஆனால் பூநாரைப் படத்திலாவது கணுக்கால் என்று போடுங்கள். அதில் குதியே இல்லை.