புதுப்பிப்பு: மணிக்குக் கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம்

எங்கள் 12 வயது லேப்ரடார் நாய் மணிக்குத் தாடைக்கடியில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு கட்டி, கீமோ கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் லிம்போமாதான், அதாவது நிணநீர்ப் புற்றுநோய். பல மருந்து சேர்ந்த கீமோ என்றால் ஒரு வருடம் போலக் கிடைக்கலாம், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம் என்றார் டாக்டர். காரில் ஏற்றினாலே நடுங்குகிறவனை வாராவாரம் இழுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை, அம்மாதான் "இருக்கிற வரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டு இருக்கட்டும்டா" என்று பேச்சை முடித்தார். சரி என்றோம்.

மாத்திரை தொடங்கிய நான்காம் நாளே கட்டி பாதியாக வற்றிவிட்டது. ஆனால் தண்ணீர் குடிக்கிறான் பாருங்கள், அப்படியொரு தாகம்! ராத்திரி இரண்டு முறை எழுந்து கதவைத் திறக்க வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் ஹாலிலேயே குளம். பசியும் அகோரம்; நேற்று தயிர்சாதக் கிண்ணத்தை நக்கி நக்கி சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.

அப்புறம், மூட்டுவலிக்கு வாங்கிய மெலாக்சிகாம் மிச்சமிருந்தது, அதையும் சேர்த்துக் கொடுக்கப் போனேன். நல்லவேளை, கேட்டுவிட்டேன். ஸ்டீராய்டோடு அது சேர்ந்தால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியுமாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அப்பா காலண்டரில் நல்ல நாளுக்கெல்லாம் டிக் போடுகிறார். 19 நாளில் 3 நாள்தான் டிக் இல்லை. இப்போது என் காலடியில் குறட்டை.