நெல்லையிலிருந்து பெங்களூருக்கா, சென்னைக்கா? என்ரோல்மென்ட் என்னாகும்?

பொருநைக்கரை (கேள்வி):
வக்கீலாக என்ரோல் ஆகி 2 வருடம் 2 மாதம். ஏஐபிஇ (அகில இந்திய பார் தேர்வு) பாஸ். திருநெல்வேலி கோர்ட்டில் எம்சிஓபி (வாகன விபத்து இழப்பீட்டு மனு), 138 செக் கேஸ் (செக் பணமின்றித் திரும்பிய வழக்கு), கொஞ்சம் ஓ.எஸ். (சிவில் வழக்கு). சீனியர் தருவது மாதம் 10,000. பெங்களூரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் லீகல் ஆபீசர் வேலை, 50,000 சம்பளம், பி.எஃப். உண்டு. சென்னையில் ஒரு வக்கீல் ஆபீஸில் ரிடெய்னராக (சம்பளமாக இல்லாமல் மாதக் கட்டணத்துக்கு) 25,000. பின்னால் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதும் எண்ணம் உண்டு. கர்நாடக பார் கவுன்சிலுக்கு மாற்ற வேண்டுமா? என் பொறுப்பில் 40 கேஸ் கட்டு இருக்கிறது, அதை எப்படி விட்டுப் போவது?

பாரிமுனை:
மாற்ற வேண்டியதில்லை. வழக்கறிஞர்கள் சட்டம் 30-வது பிரிவு 2011 ஜூன் 15 முதல் அமலில் இருக்கிறது; தமிழ்நாட்டு என்ரோல்மென்ட்டை வைத்தே இந்தியா முழுக்க ஆஜராகலாம். அங்கேயே நிலைத்துவிடுவது என்று உறுதியானால் மட்டும் 18-வது பிரிவில் இந்திய பார் கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருந்தால் நிராகரிக்கலாம். மாறிவிட்டால் இங்கே பார் கவுன்சில் தேர்தலில் ஓட்டு கிடையாது, சேமநல நிதிப் பலனையும் புதிய மாநிலத்தில்தான் பார்க்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

34-வது பிரிவில் ஒவ்வொரு ஹைகோர்ட்டும் தனி விதி போடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அலகாபாத்தில் உத்தரப்பிரதேச ரோலில் (வக்கீல் பதிவேட்டில்) இல்லாதவர் உள்ளூர் வக்கீல் ஒருவரோடு சேர்ந்துதான் வக்காலத்து போட முடியும். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. பெங்களூரில் உங்களை மறிக்கப்போவது விதியல்ல, கன்னடம். கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் கன்னடத்தில் ஓடும்போது குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கம்பெனி டெஸ்க் வேலைக்கு ஆங்கிலம் போதும்.

நாற்பத்தொன்பது:
ஊரைவிட முக்கியமான விஷயம் ஒன்றிருக்கிறது: இந்திய பார் கவுன்சிலின் விதி 49. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது. பார் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்து நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு திரும்பத் தொடங்கலாம். ஆனால் இடையில் போன வருடங்கள் பிராக்டிஸ் கணக்கில் வராது.

இது உங்களை நேராகத் தாக்குகிறது. 2025 மே 20 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு 3 வருட பிராக்டிஸ் வேண்டும். புரொவிஷனல் என்ரோல்மென்ட் (பார் தேர்வுக்கு முந்தைய தற்காலிகப் பதிவு) தேதியிலிருந்து எண்ணலாம். உங்களுக்கு இன்னும் 10 மாதம் பாக்கி. அந்தப் பத்து மாதத்தை விட்டுக்கொடுத்து பெங்களூர் போகாதீர்கள் என்பதே என் கருத்து. மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கு 7 வருடம் வேண்டும், அது விண்ணப்பிக்கும்போதும் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும். கம்பெனி வேலை அதையும் அறுத்துவிடும்.

3 வருடச் சான்றை அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரலாம். அல்லது 10 வருட அனுபவமுள்ள வக்கீல் தந்து, அந்த அலுவலர் மேலொப்பமிட வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: வக்காலத்தில் சீனியர் பெயர் மட்டும் இருக்கும், ஜூனியர் இரண்டு வருடம் வாய்தா வாங்கியதற்கு ஒரு தாளும் இருக்காது. இன்றே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு புது வக்காலத்திலும் உங்கள் பெயரும் என்ரோல்மென்ட் எண்ணும் வரட்டும். உங்கள் ஆஜர் பதிவான உத்தரவுகளின் நகலைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள்.

சென்னை ரிடெய்னர் உண்மையிலேயே ரிடெய்னர்தானா என்று பாருங்கள். தொழில்முறைக் கட்டணமாக 10% டிடிஎஸ் பிடித்துத் தந்தால், பி.எஃப். இல்லாவிட்டால், சொந்த வக்காலத்து போடத் தடை இல்லையென்றால் சிக்கல் குறைவு. பெயர் ரிடெய்னர், உள்ளே சம்பளச் சீட்டும் விடுப்புக் கணக்கும் என்றால் விதி 49 கேள்வி எழும்.

கேஸ்கட்டு:
40 கட்டையும் ஒரே மாதிரி ஒப்படைக்காதீர்கள். முதலில் காலக்கெடு ஓடுகிறவற்றைத் தனியே எடுங்கள். 138-ல் செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். எம்சிஓபி அப்பீல் 90 நாள். ஓ.எஸ்.-ல் எதிர்வாதவுரை 30 நாள், நீட்டித்தால் மொத்தம் 90. ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் அடுத்த வாய்தா, கெடு தேதி, இன்னும் தாக்கல் ஆகாத ஆவணம், கட்சிக்காரர் போன் எண், வாங்கிய ஃபீஸ், மீதி, இத்தனையும் எழுதுங்கள்.

வக்காலத்தில் உங்கள் பெயர் இருந்தால் வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3 ரூல் 4-படி கோர்ட் அனுமதியோடு எழுத்தில் முடித்துக்கொள்ளும்வரை அது உயிரோடுதான் இருக்கும். கட்சிக்காரரிடம் போதிய அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுங்கள், வேலை நடக்காத பங்கு ஃபீஸைத் திருப்பித் தாருங்கள், புது வக்கீலுக்கு நோ அப்ஜெக்ஷன் போட்டு, கட்டைப் பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அசல் ஆவணங்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். அசல் பத்திரம் காணாமல் போனால் வரும் புகார் எந்த ஊருக்குப் போனாலும் துரத்தும்.

பொருநைக்கரை:
புரிந்தது, நன்றி சார். சென்னை என்றால் எம்சிஓபி, 138 அனுபவத்தை வைத்து எந்தப் பக்கம் நகரலாம்? 25,000 குறைவா?

பாரிமுனை:
2024-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவை ஒட்டி பார் கவுன்சில் ஜூனியர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச மாதத் தொகை சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000. நடைமுறையில் எல்லோரும் தருவதில்லை. ஆக 25,000 மோசமில்லை. நெல்லையில் இப்போது வாங்குவது அந்த அளவைவிடக் குறைவு என்பதை சீனியரிடம் பணிவாகச் சொல்லலாம்.

138 தெரிந்தவர் டிஆர்டி (வங்கிக் கடன் மீட்புத் தீர்ப்பாயம்), சர்ஃபேசி (அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றும் சட்டம்) பக்கம் போவது இயல்பான வழி. மதுரையிலும் டிஆர்டி இருக்கிறது, வீட்டுக்கும் பக்கம். திவால் வழக்கு கற்க ஆசையென்றால் சென்னைதான்: தென்மாநில என்சிஎல்டி (கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) அப்பீல்கள், பெங்களூருடையதும் சேர்த்து, சென்னை என்சிஎல்ஏடி (அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) பெஞ்சுக்குத்தான் வருகின்றன. அங்கே அப்பீலுக்கு 30 நாள், காரணம் காட்டினால் கூடுதலாக 15 நாள் மட்டுமே. அதற்குமேல் ஒரு நாள் தாண்டினாலும் மன்னிக்க அதிகாரம் இல்லை.

பயோடேட்டாவில் ‘சிவில், கிரிமினல் அனுபவம்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எத்தனை சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள், எத்தனை எம்சிஓபி அவார்டு வரை போனது என்று எண்ணாக எழுதுங்கள். கட்சிக்காரர் பெயரை மறைத்த இரண்டு டிராஃப்டும் கொண்டுபோங்கள். சேரும் முன் ஆபீஸிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: சொந்த வக்காலத்து அனுமதி உண்டா, ஆபீஸ் வக்காலத்தில் உங்கள் பெயர் வருமா.